கேரண்டியார் எழுதிய விண்ணப்பம்

அவருடைய அடையாள அட்டையில் ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிப் பட்டறை வாசலில் விசாரித்தால், அப்படி யாருமே இங்கே வேலை பார்க்கவில்லை என்று காவலாளி சத்தியம் செய்வார். கேரண்டி என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார். வயதில் சிறியவர்களுக்கு அவர் கேரண்டி அண்ணன், மேலதிகாரிகளுக்கு வெறும் கேரண்டி. நாம் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கேரண்டியார் என்றே சொல்லுவோம். மனிதர் அதற்குத் தகுதியானவர்தான், கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்தால் தெரியும்.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. எந்த ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டினாலும், கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இனி ரெண்டு வருஷத்துக்கு இது பக்கமே வராதீங்க, நான் கேரண்டி" என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அது பலித்தும்விடும். பத்தாவது தடவையைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த இன்ஜினை முதல் தடவை முடுக்கும்போது, "ஓடுமா?" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டால் இயந்திரம் காதில் வாங்கிக்கொண்டு மக்கர் செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருமுறை புதிதாக வந்த எழுத்தர் தெரியாத்தனமாக அப்படிக் கேட்டுவிட்டார். அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தி, கால்மணி நேரம் கழித்துத்தான் கேரண்டியார் சுவிட்சில் கை வைத்தார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தண்ணீர் பம்பு ரிப்பேர்க் கடையில் சேர்ந்தார். பிறகு துறைமுகத்தில் படகு இன்ஜின்கள், அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறை. முப்பத்து நாலாவது வயதில் துருவ ஆய்வு நிறுவனத்தின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். வருஷா வருஷம் தென்துருவத்துக்கு ஆள் அனுப்புகிற நிறுவனம் அது. முன்கட்டில் படித்தவர்கள் இருந்தார்கள், பின்கட்டில் கிரீஸ் பிடித்தவர்கள் இருந்தார்கள். முன்கட்டின் ஆராய்ச்சியெல்லாம் பின்கட்டின் ஜெனரேட்டர் ஓடினால்தான் ஓடும் என்பதில் கேரண்டியாருக்குத் துளிகூடச் சந்தேகம் இருந்ததில்லை. இருக்க வேண்டிய பெருமைதான், கொஞ்சம் அளவுக்கு மிஞ்சி இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் ஒரு தடவை அங்கே போய் வந்தார். பனிக்கட்டிக்கு நடுவே பனி நிலைத்து நிற்காத ஒரு பள்ளத்தாக்கு. கோடையில் பனி உருகிக் கொஞ்சம் நீர் ஓடும், அந்த நீரை நம்பிப் பாசி வளரும். ஓர் அங்குலம் வளரப் பல வருஷம் பிடிக்கிற பாசி என்பதால், மிதித்தால் கால்தடம் நம் ஆயுசுக்கும் மாறாமல் கிடக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஈ காக்கை நுழைய முடியாது. அங்கே ஒரு சின்னக் குடிலும், அளவுக் கருவிகளும், அவற்றுக்கு மின்சாரம் தர ஒரு டீசல் ஜெனரேட்டரும் வைத்தார்கள். அந்த ஜெனரேட்டரைப் பொருத்தி ஓடவிட்டது இவர்தான்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எல்லாரிடமும் சொல்வது ஒரே ஒரு விஷயம். ஆயில் மாற்றுவதற்காக ஒருநாள் ஜெனரேட்டரை நிறுத்தினார். நிறுத்தியதும் சத்தமே இல்லை. காற்றும் இல்லை. பதினாலு வயதிலிருந்து ஏதாவது ஓர் இன்ஜின் காதில் ஓடிக்கொண்டே இருந்த மனிதருக்கு அந்தப் பத்து நிமிஷம் என்னவோ செய்துவிட்டது. கையில் ஆயில் கேனோடு நின்றபடியே அழுதாராம். இதைச் சொல்லும்போது வெட்கமே பட மாட்டார்.

சொல்லாத விஷயம் ஒன்றும் இருந்தது.

இந்த வருஷம் அந்த ஜெனரேட்டரை எடுத்துவிட்டுச் சூரியத் தகடுகள் வைப்பதென்று முடிவாயிற்று. பழைய இயந்திரம், மிச்ச டீசல், பீப்பாய்கள், கழற்றிய நட்டு முதற்கொண்டு எல்லாம் கப்பலேறித் திரும்பி வர வேண்டும். வைத்தவரே எடுத்து வரட்டும் என்று பயணத் தலைவர் இவர் பெயரைக் கொடுத்தார். பயணத் தலைவர் பாசியை ஆராய்கிற விஞ்ஞானி, ஒன்பது வருஷமாக அந்தப் பள்ளத்தாக்கே கதி என்று இருப்பவர். கேரண்டியாருக்கு வயது ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு ஆகிவிட்டால் மருத்துவர் கையெழுத்துப் போட மாட்டார். போனால் இந்தக் கோடை, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. அந்தப் பத்து நிமிஷ மௌனத்தை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இந்தத் தடவை அந்த ஜெனரேட்டரை ஒரேயடியாக நிறுத்தப் போகிறவரும் அவரே.

நடுவில் நின்றது முப்பத்தொரு பக்க விண்ணப்பம். பாதுகாக்கப்பட்ட பகுதியில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அதை வேலை செய்கிறவரே எழுத வேண்டும். கேரண்டியார் ஒரே மதியத்தில் எழுதி முடித்தார். பதினோராம் கேள்வி, இந்த வேலையில் என்னென்ன தவறு நேரக்கூடும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. பதில் எழுத இரண்டு பக்கம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். அவர் அதில் ஒரே வரிதான் எழுதினார்: எதுவும் ஆகாது, நான் கேரண்டி. பதினான்காம் கேள்வி, இதே இடத்தில் இதற்கு முன் எரிபொருள் சிந்தியிருக்கிறதா என்று கேட்டது. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, இல்லை.

நாலாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. பதினோராம் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், "நேரில் வரவும்."

அனுமதிப் பிரிவின் அதிகாரி ஓர் அம்மையார். அவருக்கு ஃபில்டர் மேடம் என்று பெயர் வைத்ததே கேரண்டியார்தான், தூசு துரும்பு எதுவும் அவரைத் தாண்டிப் போகாது என்பதால். அறைக்குள் போனவருக்கு அது அலுவலகமா, பரிசோதனைச் சாலையா என்று விளங்கவில்லை. மேஜைமேல் வெள்ளைத் தட்டு, இடுக்கி, பூதக்கண்ணாடி. மூலையில் தூசி உறிஞ்சும் இயந்திரம். அலமாரியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு புல் விதைகள். போகிறவர்களின் உடுப்பிலிருந்து பொறுக்கியவை அவை. ஒரு விதை அங்கே போய் முளைத்துவிட்டால் அந்தப் பாசியின் கதை முடிந்தது என்பதால், பாக்கெட்டின் மடிப்பு முதல் காலணியின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வரை துழாவிவிடுவார்கள். ஒரு குப்பியின் சீட்டில், "பயணத் தலைவர், இடது சாக்ஸ்" என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கேரண்டியாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. நாற்பது வருஷ அனுபவத்தை எடுத்துச் சொன்னார், எந்த இன்ஜினும் தன் கையில் சிணுங்கியதில்லை என்றார். மேடம் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாதுன்னு எழுதுற ஆளை அங்க அனுப்ப எனக்குப் பயமா இருக்கு," என்றார் பிறகு. "என்னென்ன ஆகும்னு எழுதத் தெரிஞ்ச ஆளைத்தான் நான் நம்புவேன். பத்து நாள் இருக்கு. வேற எழுதிட்டு வாங்க."

கேரண்டியார் வீட்டுக்கு வந்து குமுறித் தீர்த்தார். ஸ்பேனரைக் கையால் தொட்டிராதவர் தனக்குப் பாடம் நடத்துவதா? வேலை தொடங்கும் முன்பே கெட்டுப்போவதைப் பற்றிப் பேசினால் வேலை விளங்குமா? அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, அந்த அம்மா சொல்வது சரிதானே என்றார். வீட்டிலேயே எதிர்க்கட்சி இருந்தால் மனிதர் எங்கே போவார்.

அந்த மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகப் புகார் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். குழாய் உடைந்தது, தண்ணீர் கலங்கி வருகிறது, மீட்டர் ஓடவில்லை என்று நாள் முழுக்கக் கெட்டுப்போனதைக் கேட்பதே அவர் பிழைப்பு. யார் வந்து என்ன முறையிட்டாலும் அவரிடம் இருப்பது நாலே கேள்விகள்: என்ன ஆச்சு, எப்போ, எங்கே, இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா. திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் காய்ச்சல் என்று போன் செய்தால்கூட அதே நாலு கேள்விதான். மகள் முன்கூட்டியே நாலுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனை எடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு வீட்டம்மாள் உட்கார்ந்தார். அலுவலகத்துப் புகார்த் தாள் கட்டு ஒன்று, பேனா, மூக்குக் கண்ணாடி. எதிரில் கேரண்டியார், பல் பிடுங்க வந்தவர் மாதிரி. ஜெனரேட்டரை முதலில் என்ன செய்வீர்கள் என்று அம்மாள் கேட்டார். டீசலை வடிப்போம். எதில்? கேனில். கேன் ஓட்டையாக இருந்தால்? இருக்காது. இருந்தால்? இப்படியே போயிற்று. கயிறு அறுந்தால், கையுறை ஈரமானால், பீப்பாய் உருண்டால், துணி பறந்து போனால், நீங்கள் வழுக்கி விழுந்தால், விழுந்து கையில் இருப்பதைக் கொட்டினால். நம் ஆள் முதலில் முறைத்தார், பிறகு முனகினார், ஆறாவது எண்ணுக்கு மேல் தாமாகவே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். குளிரில் ரப்பர் குழாய் கண்ணாடி போல உடையும் என்றார். எட்டாவதாக எழுதிக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அவருக்கே ஒரு விஷயம் விளங்கியது. இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. இத்தனை வருஷமும் கை அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வேலை செய்திருக்கிறது, வாய்தான் ஒப்புக்கொண்டதில்லை.

ஒன்பதாவதாக அம்மாள், புனல் இல்லாமல் ஊற்றினால் என்று எழுதப்போனார்.

"புனலெல்லாம் எதுக்கு? அதை விடு," என்றார் கேரண்டியார்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் எழுதிக்கொண்டார். பட்டியல் நாற்பத்து மூன்றில் போய் நின்றது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்வது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினார். டீ போட்டுக் குடித்தார்கள். பிறகு அம்மாள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து பதினான்காம் கேள்வியில் நின்றார்.

"இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

"அதான் இல்லைன்னு எழுதியிருக்கேனே."

"எழுதினது இருக்கட்டும். நான் உங்களைக் கேக்கறேன்."

பத்தொன்பது வருஷ அனுபவம் வெறுமனே போகுமா? குழாயைத் தானே உடைத்துவிட்டு வந்து புகார் கொடுப்பவர்கள் எப்போதும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாளைக் காட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். கேரண்டியார் சுவரைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார். அதன் மோட்டார் நின்றது. வீடு அமைதியாயிற்று. அப்புறம் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் டீசல் ஊற்றப் போனார். புனலும் அடித்தட்டும் வைத்து ஊற்ற வேண்டும் என்பது விதி. பயணத் தலைவர் ஞாபகப்படுத்தியபோது, எனக்கா புனல், ஒரு சொட்டு சிந்தாது, நான் கேரண்டி என்று எல்லார் முன்னாலும் மார்தட்டிவிட்டார். தட்டிய மார்போடு குடிலுக்குள் திரும்பிப்போய்ப் புனலை எடுக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியது. கேன் வழுக்கியது. நாலைந்து லிட்டர் கூழாங்கல் தரையில் இறங்கிக் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. சுற்றிலும் யாரும் இல்லை. மூன்று தட்டைக் கற்களை எடுத்து அதன்மேல் பரப்பினார். சாயங்காலம் பனி கொட்டியது, தடயம் மறைந்தது. வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சதா என்று கேட்டவர்களுக்குத் தலையாட்டினார். அன்று ஆட்டிய தலை, பிறகு நிறுத்த வழி தெரியவில்லை.

அம்மாள் திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை.

"அந்தப் பாசி என்ன ஆச்சு?"

"தெரியாது," என்றார் கேரண்டியார். சொன்ன பிறகுதான், இந்த ஒன்பது வருஷமும் தன்னைக் குடைந்துகொண்டிருந்தது அதுதான் என்பது அவருக்கே புரிந்தது. கண் கலங்கிவிட்டது. இதை எழுதினால் என்னைப் போக விடமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். விடமாட்டார்கள்தான் என்றார் அம்மாள். ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர்.

"எழுதலைன்னா போவீங்க. போயி அந்த மூணு கல்லையே பாத்துக்கிட்டு நாலு மாசம் நிப்பீங்க. உங்களுக்கு அந்தச் சத்தமில்லாத பத்து நிமிஷம் கெடைக்காது. எது வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க."

தாள்களை அடுக்கி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். பதினான்காம் கேள்வியை மட்டும் தொடவில்லை.

மறுநாள் பட்டறையில் வெல்டரிடம் மனதைத் திறந்தார். வெல்டர் இருபது வருஷக் கூட்டாளி, ஆபத்துக்கு உதவுகிறவர், யோசனை மட்டும் கேட்கக் கூடாத ஆள். "விடுங்கண்ணே, கல்லு வந்து சாட்சி சொல்லப்போகுதா?" என்றார். அதைக் கேட்டு அரை நாள் நிம்மதியாக இருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு வண்டியின் எரிபொருள் பம்பை மாட்டி முடித்தார். ஓட்டுநர் வழக்கம்போல, "கேரண்டி தானே அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினார். கேரண்டியார், நான் என்று ஆரம்பித்தார். மிச்ச வார்த்தையை விட்டுவிட்டார். ஓட்டிப் பாருங்க, ஏதாவது கசிஞ்சா உடனே வாங்க என்று சொல்லி அனுப்பினார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கே சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவி, வேலை மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் விண்ணப்பத்தை வைத்து எழுதினார். அவர் எழுதியது இதுதான்:

"சிந்தியிருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்பு. சிந்தியவன் நான். நாலு அல்லது ஐந்து லிட்டர் டீசல். புனல் வைக்காமல் ஊற்றினேன். மறைக்கக் கல் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போன தடவை இதே கேள்விக்கு இல்லை என்று எழுதியது பொய். பாசி என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்."

தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மேடம் நாற்பத்து மூன்றையும் நிதானமாகப் படித்தார். இரண்டு இடத்தில் தலையசைத்ததுகூடக் கேரண்டியார் கண்ணில் பட்டது. பதினான்காம் பதிலைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வெச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

விஷயம் முன்கட்டுக்குப் போனது. பயணத் தலைவர் போனில் அழைத்து, இதை என்னிடம் முதலில் சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மனிதர் தணிந்த குரலில் கேட்டார். அனுமதி கிடைப்பது சந்தேகம் என்று சொல்லி, பட்டறையின் இரண்டாவது மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காலணிக்கு அளவெடுத்தார்கள். கேரண்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அந்த ஜெனரேட்டரின் எந்த போல்ட் துருப்பிடித்திருக்கும், எந்தக் குழாயை முதலில் தொடக் கூடாது, எது எப்போது கெடும் என்று இரண்டாவது மெக்கானிக்குக்காக வரிசையாக எழுதினார். எழுதும்போது வயிறு எரிந்தது. ஆனாலும் ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

வீட்டில் அம்மாளுக்கு வேறு வேலை. பழைய ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு, தையல் ஊசியால் ஒட்டுப்பட்டையில் சிக்கியிருந்த நூல், விதை, முடி எல்லாவற்றையும் பொறுக்கினார். போகப்போவதில்லை, எதற்கு இந்த வேலை என்றார் கேரண்டியார். போறவர் ஜாக்கெட் மாதிரி இருக்கட்டுமே என்றார் அம்மாள். பொறுக்கிய விதைகளை ஒரு காலி மாத்திரைக் குப்பியில் போட்டு, "என் வீட்டுக்காரர், வலது கை மடிப்பு" என்று சீட்டும் ஒட்டினார். மேடத்தின் அலமாரி பற்றி அவர் சொன்னதை அம்மாள் மறக்கவில்லை.

விண்ணப்பம் கொடுத்த பதினாறாம் நாள் மேடம் கூப்பிட்டனுப்பினார். பயணத் தலைவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பள்ளத்தாக்கின் வரைபடமும் சில புகைப்படங்களும் இருந்தன. கற்கள் இருக்கிற இடத்தைக் குறித்துக் காட்டுங்கள் என்றார்கள். கேரண்டியார் யோசிக்கவே இல்லை. குடிலின் கதவிலிருந்து மலைப்பக்கமாக இருபத்து மூன்று எட்டு, பிளந்த பாறைக்கு இடதுபுறம் ஏழு எட்டு, நடுவில் இருப்பது ஓரம் உடைந்த கல். ஒன்பது வருஷமாகத் தினம் ஒருதரம் மனதுக்குள் போய் வந்த இடம். பென்சிலால் புள்ளி வைத்தார். பயணத் தலைவர் அந்தப் புள்ளியிலிருந்து நீர் ஓடும் சரிவில் விரலை இழுத்துக்கொண்டே வந்தார். விரல் ஏழு என்று எண் போட்ட பாசித் திட்டில் வந்து நின்றது. பிறகு புகைப்படத்தை அவர் பக்கம் திருப்பினார். மற்ற திட்டுகள் எல்லாம் பச்சை. ஏழாவது மட்டும் வீட்டு வாசலில் போடுகிற மிதியடி அளவுக்குப் பழுப்பாகக் கருகிக் கிடந்தது.

ஏழாவது திட்டு ஏன் செத்தது என்று அவர் ஆறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். உப்புக் காற்று என்று நினைத்தார், பறவை எச்சம் என்று நினைத்தார், கருவியின் நிழலோ என்றுகூட அளந்து பார்த்தார்.

"நான்தான் சார் கொன்னது," என்றார் கேரண்டியார்.

அதை யாரும் மறுக்கவில்லை. பிறகு பயணத் தலைவர் இன்னொரு படத்தை எடுத்தார், போன வருஷத்தது. பழுப்பின் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அது தானாகத் தலைதூக்கப் பார்க்கிறது என்றார். மேலே இருக்கும் டீசல் மண்ணை அப்படியே அள்ளி எடுத்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ள வழி உண்டாம். ஆனால் அந்தச் சரிவு முழுக்கத் தட்டைக் கல்தான், ஆயிரம் கற்களில் எந்த மூன்று என்று வரைபடத்தில் இருக்கும் புள்ளி சொல்லாது. கேரண்டியார் படத்தைக் கீழே வைக்கவே இல்லை. அந்த நகக்கண் பச்சையைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் ஒரு தாளை நகர்த்தினார். அனுமதிச் சீட்டு. நிபந்தனைகள் பதினொன்று இருந்தன. ஒன்பதாவது நிபந்தனை: சிந்திய இடத்தை விண்ணப்பதாரரே நேரில் அடையாளம் காட்டி, மண்ணை அகற்றிக் கப்பலில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதற்கு மாற்று ஆள் கூடாது.

"மன்னிச்சிட்டோம்னு நெனைக்காதீங்க," என்றார் மேடம். "தப்பு உங்க பேர்ல பதிவாகும், அது பாட்டுக்கு அங்க இருக்கும். ஆனா அந்த இடம் தெரிஞ்சவர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். நீங்க எழுதலைன்னா எங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது."

இரண்டாவது மெக்கானிக் கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே பட்டறைக்குப் போனார். அவர் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார். இது தனக்கே இருக்கட்டும், இதில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். வெல்டர் மட்டும், கடைசியில் கல்லு சாட்சி சொல்லிடுச்சே அண்ணே என்று தலையைச் சொறிந்தார். வீட்டில் அம்மாள் செய்தியைக் கேட்டுவிட்டு, அந்த நகக்கண் அளவு பச்சையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு, எந்தப் பக்கம், நல்ல பச்சையா. அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கப்பல் புறப்படும் நாளன்று துறைமுகக் கூடத்தில் எல்லாருடைய உடுப்பையும் சோதித்தார்கள். கேரண்டியார் முறை வந்தபோது மேடமே எழுந்து வந்தார். பாக்கெட்டுகளை உள்ளே வெளியே திருப்பினார், காலர் மடிப்பில் உறிஞ்சு குழாயை ஓட்டினார், காலணியின் பள்ளங்களில் இடுக்கியை விட்டுப் பார்த்தார். இருபது நிமிஷம் தேடியும் ஒரு விதைகூட அகப்படவில்லை. யார் சுத்தம் செய்தது என்று கேட்டார். கேரண்டியார் மேல்பாக்கெட்டிலிருந்து மாத்திரைக் குப்பியை எடுத்து நீட்டினார். சீட்டைப் படித்த மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். அதைக் கப்பலில் ஏற்ற விட மாட்டேன் என்று வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு சீட்டில் முத்திரை குத்தப்போனவர், கையை நிறுத்தி, அவருடைய பட்டப்பெயர் தமக்கும் தெரியும் என்பதுபோல் பார்த்தார்.

"அப்போ இந்தத் தடவை ஒரு சொட்டு சிந்தாதுன்னு கேரண்டி குடுப்பீங்களா?"

வரிசையில் நின்ற எல்லாரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் அம்மாளும் நின்றுகொண்டிருந்தார்.

"குடுக்க முடியாதுங்க மேடம்," என்றார் கேரண்டியார். "புனல் ரெண்டு எடுத்துட்டுப் போறேன்."

மேடம் முத்திரையைக் குத்தினார்.